வலை இழுத்த கைகளின் பாட்டு

(வெகுசனப் பண்பாட்டில் ஜப்பானிய மரபுப் பாடல்கள் குறித்து, இசை ஆர்வலர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அகிரா குரோசாவாவின் 'ஏழு சாமுராய்' படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1954-இல் வந்த படம். அதன் கடைசிக் காட்சியை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். கொள்ளையரோடு நடந்த சண்டை முடிந்துவிட்டது. ஏழு வீரர்களில் நால்வர் மேட்டில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். மிஞ்சிய மூவர் கீழே வயலைப் பார்த்து நிற்கிறார்கள். அங்கே நடவு நடக்கிறது. ஆண்கள் மேளம் கொட்டிக் குழல் ஊதிப் பாடுகிறார்கள். பெண்கள் அந்தத் தாளத்துக்குக் குனிந்து நாற்றை ஊன்றுகிறார்கள். வெற்றி உழவர்களுடையது, நம்முடையது இல்லை என்கிறான் வீரர்களின் தலைவன். மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் அந்தப் போர்க்கதையை ஒரு நடவுப் பாட்டு முடித்துவைக்கிறது.

குரோசாவா அதைக் கற்பனையிலிருந்து எடுக்கவில்லை. ஹிரோஷிமா மாகாணத்து மிபு என்ற ஊரில் இன்றும் ஆண்டுதோறும் கோடைத் தொடக்கத்தில் மாடுகளை அலங்கரித்துச் சேற்றில் இறக்கி, மேளத்தோடு பாடி நடுகிறார்கள். 2011-இல் யுனெஸ்கோ அதை மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. திரையில் நாம் கேட்ட பாட்டுக்குப் பின்னால் சேறும் முதுகுவலியும் உண்டு.

நான் இன்று பேச வந்தது அந்தச் சேற்றைப் பற்றித்தான். ஜப்பானின் நாட்டுப்பாடல்களை அங்கே மின்யோ என்பார்கள். அவற்றில் பெரும்பகுதி வேலைப்பாட்டு. மீன் பிடித்தவர்களும், கரி தோண்டியவர்களும், பிறர் பிள்ளையைச் சுமந்தவர்களும் பாடியது. அந்த வேலைகளில் பல இன்று இல்லை. பாட்டு இருக்கிறது, பேஸ்பால் மைதானத்தில் இருக்கிறது, பள்ளி விளையாட்டு விழாவில் இருக்கிறது, அனிமே படத்தில் இருக்கிறது. இதை மரபின் வீழ்ச்சி என்று வருந்துகிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. வெகுசனப் பண்பாடுதான் இந்தப் பாடல்களைக் காப்பாற்றியது என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் காப்பாற்றியவருக்கு ஒரு கடமையும் உண்டு. இரண்டையும் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு வரலாற்றுச் செய்தி. மெய்ஜி அரசு 1870-களில் நவீனப் பள்ளிக்கூடங்களைத் திறந்தபோது, பிள்ளைகளுக்கு எந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுப்பது என்ற கேள்வி எழுந்தது. 1879-இல் இசைக்கென ஓர் ஆய்வு அலுவலகம் அமைத்தார்கள். இசாவா ஷூஜி அதன் தலைவர். அமெரிக்காவிலிருந்து லூத்தர் வைட்டிங் மேசன் என்ற இசை ஆசிரியர் அழைக்கப்பட்டார். 1881-இலிருந்து வெளிவந்த தொடக்கப்பள்ளிப் பாட்டுப் புத்தகங்களில் மேற்கத்திய மெட்டுகளில் ஜப்பானியச் சொற்கள் உட்கார்ந்தன. ஸ்காட்லாந்து மெட்டு ஒன்று இன்றுவரை ஜப்பானியப் பள்ளிகளில் பிரிவு உபசாரப் பாட்டாக ஒலிக்கிறது. மீனவர் பாட்டுக்கும் சுரங்கப் பாட்டுக்கும் வகுப்பறையில் இடமில்லை. ஷாமிசென், கோட்டோ, ஷாகுஹாச்சி போன்ற மரபுக் கருவிகளில் ஒன்றையாவது நடுநிலைப்பள்ளி மாணவர் தொட்டுப் பழக வேண்டும் என்ற பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது 2002-இல்தான். இடையில் நூற்றிருபது ஆண்டுகள். அந்த நூற்றிருபது ஆண்டும் இந்தப் பாடல்களுக்குச் சோறு போட்டது யார்? இசைத்தட்டுக் கம்பெனி, வானொலி, திரைப்படம், தெருத் திருவிழா. இவைதான்.

அடுத்து, இந்த இசையின் எலும்புக்கூட்டைச் சற்றுப் பார்ப்போம். இதை நமக்கு எளிதாக விளக்கக்கூடியவர் ஒருவர் இருக்கிறார். கோய்சுமி ஃபுமியோ என்ற இசையியலாளர். 1927-இல் பிறந்து 1983-இல் மறைந்தவர். 1950-களின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்து சென்னையிலும் லக்னோவிலும் நம் இசையைப் பயின்றவர். ஜப்பானிய மரபிசையில் நான்கு ஐந்துசுர வரிசைகள் அடிப்படையாக இருப்பதை அவர் வகுத்துக் காட்டினார். இந்த அவையில் அவற்றை நம் ராகங்களின் பெயராலேயே சொல்லிவிடலாம். மின்யோ வரிசையின் சுரத்தானங்கள் சுத்த தன்யாசியினுடையவை. 'சகுரா சகுரா' பாட்டில் வரும் நகரத்து வரிசை, மியாகோ புஷி, கர்நாடக சுத்த சாவேரியோடு ஒத்துப்போகிறது. அரண்மனை இசையில் கேட்கும் ரித்ஸு வரிசை சுத்த சாவேரி. ஒகினாவாத் தீவுகளின் வரிசை நம் கம்பீர நாட்டை. ஒத்துப்போவது சுரத்தானம் மட்டும்தான். கமகம் வேறு, சுரத்தைப் பிடிக்கும் விதம் வேறு, நிற்கும் இடம் வேறு. ஆனாலும் இங்குள்ள பலருக்கு முதல் முறை கேட்கும்போதே அந்தப் பாட்டு அந்நியமாகத் தோன்றாததற்கு இது ஒரு காரணம்.

கோய்சுமி இன்னொன்றும் செய்தார். பிள்ளைகள் பந்து தட்டும்போதும் கயிறு தாண்டும்போதும் பாடுவதைச் சேகரித்தார். பிறகு தம் காலத்துச் சினிமா, தொலைக்காட்சிப் பாடல்களையும் அதே அக்கறையோடு ஆராய்ந்தார். மேற்கத்திய மெட்டுகளைப் பள்ளியில் எவ்வளவு ஊட்டியும், மக்கள் விரும்பிக் கேட்ட 1970-களின் பாடல்களுக்குள் பழைய மின்யோ வரிசை திரும்பி வந்திருப்பதைக் கண்டார். வெகுசனப் பாட்டை ஆராய்ச்சிக்கு உகந்ததாக மதித்த அறிஞர் அவர். அந்த மதிப்பு நமக்கும் வேண்டும்.

இப்போது கடலுக்குப் போவோம்.

ஜப்பானின் வடகோடித் தீவு ஹொக்கைடோ. அதன் மேற்குக் கரைக்கு இளவேனிலில் ஹெர்ரிங் மீன் முட்டையிட வரும். ஆண் மீன்கள் விடும் விந்தால் கரையோரக் கடல் பால் நிறமாகும். அந்த மீனைப் பிடிக்க வடகிழக்கு ஜப்பானின் ஏழைக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் பருவக் கூலிகளாக வந்து சேர்ந்தார்கள். 1897-இல் மட்டும் பிடிபட்ட மீன் ஏறத்தாழ 9,70,000 டன். அதில் பெரும்பகுதி சாப்பிடுவதற்குப் போகவில்லை. பெரிய கொப்பரையில் வேகவைத்து, எண்ணெயைப் பிழிந்து, சக்கையைக் காயவைத்து உரமாகக் கப்பலேற்றினார்கள். மேற்கு ஜப்பானின் பருத்திக்கும் அவுரிக்கும் அதுதான் உரம்.

அந்த வேலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பாட்டு இருந்தது. படகு வலிக்க ஒன்று. வலையைத் தூக்க ஒன்று. வலைக்குள் கொதிக்கும் மீனைப் பெரிய கைவலையால் அள்ளிப் படகில் கொட்ட ஒன்று. வலையில் ஒட்டிய முட்டையைத் தட்டி உதிர்க்க ஒன்று. மூன்றாவதாகச் சொன்ன, மீன் அள்ளும் பாட்டுத்தான் 'சோரன் புஷி'. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் கூவி வாங்கிக்கொள்வார்கள். அந்தக் கூவலில்தான் எல்லார் கையும் ஒரே நேரத்தில் இறங்கி ஏறும். பனிக்காற்றில், இரவு பகல் பாராமல், தூக்கம் வராமல் இருக்கவும் அதே பாட்டு. கூவல் தவறினால் கை தவறும். கை தவறினால் ஆள் கடலில்.

1950-களின் நடுவில் அந்த மீன் வருவது நின்றுபோயிற்று. அளவு மீறிய பிடிப்பு, கடலின் வெப்பநிலை மாற்றம் என்று காரணங்கள் சொல்கிறார்கள். கூலிகள் கலைந்தார்கள். அவர்கள் படுத்த நீண்ட மரக்கொட்டகைகளில் சில இன்று அருங்காட்சியகம். பாட்டுக்கு வேலை இல்லை. நியாயமாக அது அங்கேயே செத்திருக்க வேண்டும்.

சாகவில்லை. அதற்குள் அது இசைத்தட்டிலும் வானொலியிலும் ஏறி நாடெங்கும் தெரிந்த பாட்டாகியிருந்தது. இதோ ஹொக்கைடோவின் வடமுனை நகரம் வக்கனாய். அங்கே ஒரு நடுநிலைப்பள்ளி, 1980-களில் மாணவர் வன்முறையால் தத்தளித்த பள்ளி. ஆசிரியர்களும் ஊராரும் பிள்ளைகளை ஒன்றுசேர்க்க வழி தேடினார்கள். மின்யோ பாடகர் இத்தோ தகியோ ராக் வேகத்தில் பாடிய சோரன் புஷியை எடுத்து, அதற்கு ஓர் ஆட்டம் அமைத்தார்கள். இடுப்பைத் தரையருகே தாழ்த்தி, கால்களை அகல ஊன்றி, முழு உடலாலும் வலையை இழுக்கும் ஆட்டம். அலை, கயிறு, மீன் அள்ளும் கை எல்லாம் அதில் உண்டு. 1993-இல் அந்தப் பிள்ளைகள் தேசிய அளவிலான நாட்டுப்பாடல், நாட்டிய விழாவில் பெரும் பரிசு வென்றார்கள். 1999-இல் 'கின்பாச்சி ஆசிரியர்' என்ற புகழ்பெற்ற பள்ளிக்கூடத் தொலைக்காட்சித் தொடரில் அந்த ஆட்டம் வந்தது. அதன்பின் ஜப்பானெங்கும் பள்ளி விளையாட்டு விழாக்களில் பிள்ளைகள் இதை ஆடுகிறார்கள்.

அதே 1990-களின் தொடக்கத்தில் இன்னொரு கிளையும் முளைத்தது. தெற்கே கோச்சி நகரில் 1954 முதல் நடக்கும் யோசகோய் திருவிழாவைப் பார்த்த ஹொக்கைடோ பல்கலைக்கழக மாணவர் ஒருவர், அதை ஹொக்கைடோவுக்குக் கொண்டுவர விரும்பினார். 1992-இல் சப்போரோவில் பத்துக் குழுக்களோடு, ஏறத்தாழ ஆயிரம் பேரோடு யோசகோய் சோரன் விழா தொடங்கியது. இரண்டே விதிகள்: கையில் நருகோ என்ற மரக்கிலுக்கு இருக்க வேண்டும், பாட்டில் எங்காவது சோரன் புஷியின் ஒரு துணுக்கு வர வேண்டும். மற்றபடி ராக்கோ, சாம்பாவோ, எதுவும் ஆகலாம். நருகோவும் ஒரு வேலைக்கருவிதான். வயலில் குருவி விரட்டியது. வயலின் கருவியும் கடலின் பாட்டும் ஒரு நகரத்துத் தெருவில் சந்தித்துக்கொண்டன. மரபுக்கு இதைவிடச் சிறந்த விதிமுறையை நான் எங்கும் கண்டதில்லை. ஒரு துணுக்கை விடாதே, மற்றதில் உன் விருப்பம் என்கிறது அது.

கடலிலிருந்து நிலத்தடிக்கு இறங்குவோம். கியூஷு தீவின் ஃபுகுவோகா மாகாணத்தில் தகாவா என்ற நிலக்கரி ஊர். தோண்டி வந்த கரியிலிருந்து கல்லைப் பொறுக்கிப் பிரித்த பெண்களின் பாட்டிலிருந்து வளர்ந்தது 'தங்கோ புஷி'. போருக்குப் பின் நாட்டைத் தூக்கி நிறுத்த நிலக்கரிதான் முதல் தேவை என்று அரசு முடிவெடுத்த நாட்களில், வானொலி இந்தப் பாட்டை வீடு வீடாகக் கொண்டுசேர்த்தது. பாட்டில் தகாவாவின் சுரங்கப் பெயர் இருந்த இடத்தில், நாட்டின் மிகப் பெரிய சுரங்கமான மீகேயின் பெயர் ஏறி நிலைத்தது.

ஆகஸ்ட் மாதம் முன்னோர் வீடு திரும்புவதாக நம்பப்படும் போன் பண்டிகையில், நடுவே மரமேடை கட்டி மேளம் வைத்து, ஊரே வட்டமாகச் சுற்றி ஆடும். அதில் தங்கோ புஷி இல்லாத ஊர் அரிது. அதன் அடவுகளைக் கவனியுங்கள். இரண்டு முறை தோண்டு. கூடையைத் தோளுக்கு மேல் தூக்கு. திரும்பிப் பார். வண்டியைத் தள்ளு. ஒரு சுரங்கத் தொழிலாளியின் ஒரு நாள் அந்தச் சில அடவுகளுக்குள் இருக்கிறது. மீகே சுரங்கத்தில் 1963-இல் நடந்த வெடிவிபத்தில் 458 பேர் இறந்தார்கள். 1997-இல் சுரங்கம் மூடப்பட்டது. ஹவாயிலும் கலிஃபோர்னியாவிலும் குடியேறிய ஜப்பானியர்களின் கொள்ளுப்பேரர்கள் இன்றும் போன் வட்டத்தில் கரி தோண்டுகிறார்கள்.

போன் வட்டத்தைப் பற்றி இன்னொன்று. அது எதையும் சேர்த்துக்கொள்ளும். 1933-இல் கவிஞர் சைஜோ யாசோவும் இசையமைப்பாளர் நகயாமா ஷிம்பேயும் சேர்ந்து ஆக்கிய 'டோக்கியோ ஓந்தோ' அன்றைக்குப் புத்தம் புதிய இசைத்தட்டு வியாபாரம். இன்றைக்கு அது மரபு. யாகுல்ட் ஸ்வாலோஸ் பேஸ்பால் அணி ஓட்டம் எடுக்கும்போதெல்லாம் ரசிகர்கள் சிறு குடைகளை விரித்து அதைப் பாடி ஆடுகிறார்கள். 'டோரேமான்' கார்ட்டூனுக்கும் ஒரு போன் ஆட்டப் பாட்டு உண்டு. 1985-இன் டிஸ்கோப் பாட்டான 'டான்சிங் ஹீரோ' நகோயா பக்கத்து ஊர்களின் போன் மேடையில் வழக்கமான பாட்டாகிவிட்டது. எது மரபு என்பதைக் கமிட்டி தீர்மானிப்பதில்லை; வட்டம் தீர்மானிக்கிறது.

மூன்றாவதாக, தெருவில் பிச்சையெடுத்த ஓர் இசை. ஜப்பானின் பெருந்தீவான ஹொன்ஷுவின் வடமுனையில் த்ஸுகாரு என்ற பனிப்பிரதேசம். அங்கே பார்வையற்றவர்கள் ஷாமிசென் என்ற மூன்று நரம்புக் கருவியோடு வாசல் வாசலாகப் போய் வாசித்து அரிசி வாங்கிப் பிழைத்தார்கள். கதவைத் திறக்கவைக்க வேண்டுமே. அதனால் அவர்கள் வாசிப்பு பலத்தது, வேகம் கூடியது, மீட்டுகோல் நரம்போடு தோலையும் சேர்த்து அறைந்தது. தகஹாஷி சிகுசான் அந்த வழியில் வந்தவர். 1910-இல் பிறந்து, சிறு வயதில் அம்மையால் பார்வை இழந்து, ஊர் ஊராக வாசல்களில் வாசித்தவர். 1973-இலிருந்து டோக்கியோவின் ஷிபுயாவில் ஒரு நிலத்தடிச் சிற்றரங்கில், நீண்ட முடி வளர்த்த இளைஞர்களுக்கு நடுவே தொடர்ந்து வாசித்தார். அவர் வாழ்க்கையை 1977-இல் ஷிந்தோ கனேதோ படமாக எடுத்தார்.

1999-இல் யோஷிதா சகோதரர்கள் அந்தக் கருவியை ராக் இசையோடு மேடையேற்றினார்கள். சில ஆண்டுகளில் நின்டெண்டோவின் வீ விளையாட்டுக் கருவி அமெரிக்காவில் அறிமுகமானபோது விளம்பரத்தில் ஒலித்தது அவர்கள் ஷாமிசென். இணையத்தில் ஹட்சுனே மிகு என்ற கணினிக் குரலுக்காக 2011-இல் ஒருவர் எழுதிய 'சென்போன்சகுரா' என்ற பாட்டை, ஷாமிசென், கோட்டோ, ஷாகுஹாச்சி, மேளம், கித்தார் எல்லாம் சேர்த்து 2014-இல் வகாக்கி பேண்ட் குழு வாசித்தது, உலகெங்கும் பார்த்தார்கள். கோட்டோ வாசிக்கும் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய 'கோனோ ஓட்டோ தோமரே', த்ஸுகாரு ஷாமிசென் பற்றிய 'மஷிரோ நோ ஓட்டோ' என்று சித்திரக்கதைகள் வந்து, அனிமே தொடர்களாகவும் ஆயின. வாசலில் நின்ற கருவி வரவேற்பறைக்குள் வந்துவிட்டது. நான் மகிழ்கிறேன். ஆனால் அந்த வேகம் பசியிலிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொண்டு கேட்டால் இன்னும் ஆழமாகக் கேட்கும்.

நண்பர்களே, இதுவரை சொன்னது காப்பாற்றிய கதை. இனிச் சொல்லப்போவது கடமையைப் பற்றி.

'தகேதா தாலாட்டு' என்று ஒரு பாட்டு. தாய் பாடுவதில்லை. பிறர் வீட்டில் பிள்ளை சுமக்க அனுப்பப்பட்ட சிறுமி பாடுவது. திருவிழா வந்தாலும் தனக்கு மகிழ்ச்சி இல்லை, வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஏங்குவது. கியோட்டோ நகரின் தகேதா பகுதியில், பிறப்பைக் காரணம் காட்டி ஒதுக்கப்பட்ட புராகு மக்களின் குடியிருப்பில், 1960-களில் ஒரு மூதாட்டி பாடக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அகாய் தோரி என்ற இளைஞர் குழு 1971-இல் அதை இசைத்தட்டாக வெளியிட்டது. நாடே பாடியது. பிறகு, அந்தப் பாட்டு எந்தக் குடியிருப்பிலிருந்து வந்தது என்பது தெரிந்தபோது, ஒலிபரப்பு நிலையங்கள் அதை ஓசையின்றி ஒதுக்கத் தொடங்கின. சட்டம் தடுக்கவில்லை. வம்பு எதற்கு என்ற தயக்கம் தடுத்தது. ஒதுக்கப்பட்டவர்களின் பாட்டு மீண்டும் ஒதுக்கப்பட்டது. 1990-களுக்குப் பிறகுதான் அந்தத் தயக்கம் தளர்ந்தது. மெட்டு அழகாக இருக்கிறது, ஆனால் பாடியவள் யார் என்று கேட்காதே என்ற மனப்பான்மைதான் இங்கே குற்றவாளி.

தெற்கே ஒகினாவாவில் இதற்கு இன்னொரு உதாரணம். தகேதோமி என்ற சிறு தீவில் வயல்வேலையில் பாடியது 'அசதோயா யுந்தா'. அதிகாரி ஒருவன் தன்னுடன் வாழ அழைக்க, மறுத்துவிட்ட குயாமா என்ற பெண்ணைப் பற்றிய பாட்டு. 1934-இல் ஜப்பானிய மொழியில் புதிய சொற்கள் எழுதி இசைத்தட்டாக வெளியிட்டார்கள். மெட்டு நாடு முழுதும் பரவியது. ஆனால் புதிய பாட்டில் அதிகாரியும் இல்லை, மறுப்பும் இல்லை. காதல் மட்டும் மிஞ்சியது. பரவியதற்கு நன்றி சொல்லலாம். தொலைந்ததையும் சொல்ல வேண்டும்.

அதே ஒகினாவா நல்ல முன்மாதிரியையும் தந்திருக்கிறது. 1945 போரில் தீவு எரிந்த பிறகு, முகாம்களில் அடைபட்ட மக்கள் காலி டப்பாவைக் குடமாக்கி, பாராசூட் நூலை நரம்பாக்கித் தங்கள் சான்ஷின் கருவியைச் செய்துகொண்டார்கள். பல ஆண்டுகள் கழித்து, ஹொன்ஷுவைச் சேர்ந்த ராக் பாடகர் மியசவா கசுஃபுமி அங்கே போனார். அந்தப் போரில் இறந்த மாணவிகளின் நினைவு அருங்காட்சியகத்தைப் பார்த்தார். பிழைத்த ஒருவர் சொல்லக் கேட்டார். 1992-இல் 'ஷிமா உதா' பிறந்தது. மேலோட்டமாகக் கேட்டால் பிரிவுப் பாட்டு. உள்ளே போரில் இறந்தவர்களுக்கான அஞ்சலி. அதை ஒகினாவா வரிசையில், நம் கம்பீர நாட்டையின் சுரங்களில் அமைத்தார். மக்கள் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொள்ளும்படி நெருக்கப்பட்டதைச் சொல்லும் இடத்தில் மட்டும் அந்த வரிசையை விட்டு விலகினார். அந்தச் சாவு ஒகினாவாவின் விருப்பத்தால் வந்ததில்லை என்பதால் அங்கே ஒகினாவாவின் சுரங்களைப் பயன்படுத்த மனம் ஒப்பவில்லை என்று பின்னாளில் விளக்கினார். வெளியூர்க்காரர்தான். ஆனால் கேட்டுத் தெரிந்துகொண்டு பாடினார். 2001-இல் அர்ஜென்டினாவின் அல்ஃப்ரெடோ கசேரோ அதை ஜப்பானிய மொழியிலேயே பாட, அடுத்த ஆண்டு உலகக் கோப்பை நேரத்தில் அந்த நாடே அதை முணுமுணுத்தது.

இறுதியாக ஒரு படம். 1995-இல் வந்த 'கோஸ்ட் இன் தி ஷெல்'. இயந்திர உடலும் மனித நினைவும் கொண்ட ஒரு பெண்ணைப் பற்றிய எதிர்காலக் கதை. அதற்கு இசையமைத்த கவாய் கென்ஜி எலெக்ட்ரானிக் ஓசையோடு நின்றுவிடவில்லை. மின்யோ பாடும் பெண்களை அழைத்துவந்தார். பழைய ஜப்பானிய மொழியில் ஒரு திருமண வாழ்த்தைச் சேர்ந்து பாடவைத்தார். ஒத்திசைவை மட்டும் பல்கேரிய நாட்டுப் பாடல் முறையில் அமைத்தார். வயலிலும் கரையிலும் பழகிய அந்தத் திறந்த தொண்டைக் குரல், ஓர் இயந்திர உடல் பிறக்கும் காட்சியின்மேல் ஒலிக்கிறது. அந்தப் பெண்களின் குரலைத் தவிர வேறெதுவும் அந்தக் காட்சிக்கு உயிர் கொடுத்திருக்காது. நாட்டுப்பாடல் எதிர்காலத்துக்கும் பொருந்தும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான். வேலைப்பாட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்ற முடியாது. அது உடம்பில் இருக்க வேண்டியது. மைதானத்திலும் பள்ளியிலும் திரையிலும் ஆடுகிற உடம்புகள்தான் அதன் அடுத்த வீடு. கித்தார் சேரட்டும், கணினிக் குரல் சேரட்டும், வேகம் கூடட்டும். கூடவே அது யாருடைய வேலை, யாருடைய பசி, யாருடைய மறுப்பு என்ற செய்தியும் வர வேண்டும். வக்கனாய்ப் பிள்ளைகள் இடுப்பைத் தாழ்த்துவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லிக்கொடுத்தால் ஆட்டம் இன்னும் உறுதியாகும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இங்கே இளைஞர்கள் நிறைய வந்திருக்கிறீர்கள். அனிமே வழியாகவும் விளையாட்டு வழியாகவும் இந்த இசையை என்னைவிட அதிகம் கேட்டிருப்பீர்கள். பிடித்த ஒரு மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பழைய வடிவத்தைத் தேடிக் கேளுங்கள். எந்த வேலைக்காக, எந்த ஊரில், யார் பாடினார்கள் என்று விசாரியுங்கள். பிறகு புதிய வடிவத்தை மறுபடி கேளுங்கள். அந்த இரண்டாவது கேட்பில்தான் நீங்கள் ரசிகர் என்ற நிலையிலிருந்து அந்தப் பாட்டுக்குப் பொறுப்பேற்றவர் என்ற நிலைக்கு வருகிறீர்கள். எந்த மொழியின் பாட்டும் அப்படிப்பட்டவர்களால்தான் வாழ்கிறது.